ராத்திரிச் சத்தம், தெருத் தொல்லை: புகார் கொடுத்தும் நடவடிக்கை இல்லையென்றால் என்ன செய்வது? மதுரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு அங்கே பாக்ஸ் கட்டினால், எங்கள் அடுக்களை அலமாரியில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அப்பா இருதய சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய மாதத்தில், அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். மண்டபத்துக்கு எதிரே ஒரு காலி மனை. விசேஷம் முடிந்ததும் அங்கே குடி, சண்டை, கெட்ட வார்த்தை. காலையில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் பாட்டில் சில்லைத் தாண்டித்தான் போவார்கள்.

ஒன்றரை வருடத்தில் ஐந்து மனு கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெருவில் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஐந்தின் நகலையும் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அஞ்சும் ஒரே மனுதானே? சத்தம் போடுறவங்க மேலதான் அஞ்சும் இருக்கு. நடவடிக்கை எடுக்காதவங்க மேல ஒண்ணுகூட இல்லையே."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சத்தத்தைப் பற்றிய புகார் ஒன்று. அந்தப் புகாரை அலுவலகம் கையாண்ட விதத்தைப் பற்றிய புகார் இன்னொன்று. நம்மில் பெரும்பாலோர் முதல் புகாரையே திரும்பத் திரும்பக் கொடுத்துச் சலித்துப் போகிறோம். இரண்டாவது புகாருக்கு வேறு அலுவலகம், வேறு ஆதாரம், வேறு கோரிக்கை. முதல் புகாரை எழுதும் நாளிலிருந்தே இரண்டாவதற்குத் தயாராகிக்கொண்டு வந்தால்தான் காரியம் நடக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தத் தொல்லைக்கு எந்த அலுவலகம்

ஒலிபெருக்கி, மைக் செட், டிஜே, வேட்டு, பொது இடத்தில் குடி, தெருச் சண்டை, பெண்களைக் கேலி செய்வது எல்லாம் காவல்துறை. மாநகராட்சியிடம் போனால் "போலீஸைப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள், அது சரிதான். ஆனால் அதே இடத்தில் மாநகராட்சியின் பொறுப்பும் இருக்கும். தெருவிளக்கு எரியாதது, காலி மனை புதர் மண்டிக் கிடப்பது, உரிமம் இல்லாமல் கடையோ பட்டறையோ நடப்பது, அனுமதி மீறிக் கட்டிய கட்டடம், நடைபாதை ஆக்கிரமிப்பு இவை மாநகராட்சியின் வேலை. எங்கள் காலி மனையில் குடிப்பவர்கள் காவல்துறையின் விஷயம். அந்த இடம் இருட்டாகக் கிடந்தது மாநகராட்சியின் விஷயம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டு பேரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். தனித்தனி மனுவாகவே எழுதுங்கள்.

தொழிற்சாலை, பெரிய பட்டறை, ஓயாமல் ஓடும் ஜெனரேட்டர் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். டாஸ்மாக் கடையால் தொல்லை என்றால் மாவட்ட ஆட்சியர். நகர்ப்புறத்தில் பள்ளி, வழிபாட்டுத் தலங்களிலிருந்து 50 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்பது விதி. மற்ற இடங்களில் அது 100 மீட்டர்.

மதுரையில் ஒரு சின்னக் குழப்பம் பலரை அலைய வைக்கிறது. மாநகராட்சிக்கும் ஆணையர் உண்டு, காவல்துறைக்கும் ஆணையர் உண்டு. இரண்டு பக்கமும் உதவி ஆணையர்கள் உண்டு. "ஆணையர் அவர்கள், மதுரை" என்று மட்டும் எழுதினால் மனு எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. "மாநகரக் காவல் ஆணையர்" அல்லது "மாநகராட்சி ஆணையர், அறிஞர் அண்ணா மாளிகை, தல்லாகுளம்" என்று முழுதாக எழுதுங்கள். மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். உங்கள் வார்டு எண்ணும் மண்டலமும் மனுவின் முதல் வரியிலேயே இருக்கட்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்குக் காவல் நிலையத்துக்கு மேலே டி.எஸ்.பி. (துணைக் காவல் கண்காணிப்பாளர்), அவருக்கு மேலே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். கிராமமென்றால் விளக்கு, பொது இடம் போன்றவற்றுக்கு ஊராட்சியும் அதற்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலரும்.

இரண்டாவது படி: விதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது

"விசேஷ வீடுன்னா அப்படித்தான் இருக்கும்", "மதுரை தூங்கா நகரமாச்சே" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. விடிய விடிய இட்லி அவிக்கும் கடைகளுக்கும் மாட்டுத்தாவணியில் லோடு இறக்கும் தொழிலாளிகளுக்கும் சொன்ன பேர் அது. நோயாளி தூங்கக் கூடாது என்று அதற்குப் பொருள் கிடையாது. இதற்கென்று தெளிவான விதி இருக்கிறது.

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் நமக்கு வேண்டியவை இவை:

காலை 6 முதல் இரவு 10 வரை பகல். இரவு 10 முதல் காலை 6 வரை இரவு. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. தொழிற்பகுதியில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை மாநில அரசு அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் 50, 40.

ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் வைக்கவே கூடாது. கலாச்சார, சமய விழாக்களுக்காக வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த நாட்கள் எவை என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆகவே சித்திரைத் திருவிழா நாளில் புகார் எழுதும்முன் அன்றைக்குத் தளர்வு இருந்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவில் ஹாரன் அடிப்பது, வேட்டுப் போடுவது, சத்தமான கட்டுமான இயந்திரங்களை ஓட்டுவது இவையும் தடைதான்.

மண்டபக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. "மூடின ஹாலுக்குள்ளதானே வெச்சிருக்கோம்" என்பார்கள். மூடிய அரங்குகளுக்கு 10 மணித் தடையில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதே விதி 5-இல் இன்னொன்றும் இருக்கிறது. தனியார் இடத்தின் எல்லையில் அந்த ஒலி, அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரம் என்றால் காம்பவுண்டு சுவருக்கு வெளியே 50 டெசிபல். பேச்சுச் சத்தம்கூட அதைத் தாண்டும். கதவைத் திறந்துவைத்து டிஜே போட்டால் எங்கே நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரியை என் முதல் ஐந்து மனுக்களில் நான் எழுதவேயில்லை. தெரியாது, அதனால் எழுதவில்லை.

விதி 7-இன்படி புகாரைப் பெற வேண்டிய 'அதிகாரி' மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி ஆகியோரில் இதற்கென நியமிக்கப்பட்டவர். விதி 8 அவருக்குச் சத்தத்தைத் தடுத்து எழுத்தில் உத்தரவு போடும் அதிகாரம் தருகிறது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பில் இந்த விதிகளைக் கறாராக அமல்படுத்தச் சொன்னது. அதற்கு முன்பே, 2000-இல், சென்னையில் ஒரு தேவாலயத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மூன்றாவது படி: ஒருமுறை பேசிப் பார்ப்பது

மண்டப மேலாளரிடமோ மைக் செட்காரரிடமோ பகல் நேரத்தில், இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். விசேஷம் நடக்கிற ராத்திரியில் தனியாகப் போய் நிற்க வேண்டாம். குடித்திருப்பவர்களிடம் பேசவே வேண்டாம். பேசிய தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: நோட்டு

இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்வேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் சத்தம் வந்தால் அன்றன்றைக்கே எழுதுங்கள். மறுநாள் நினைத்து எழுதினால் நேரம் தப்பும், ஒரு நேரம் தப்பினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

தேதி, ஆரம்பித்த நேரம், நின்ற நேரம், எங்கிருந்து வந்தது, என்ன மாதிரிச் சத்தம், உங்கள் வீட்டில் எந்த அறையில், ஜன்னல் மூடியிருந்ததா, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று, யாருக்கு போன் செய்தீர்கள், எத்தனை மணிக்கு, என்ன பதில், ரோந்து வந்ததா, வந்த பிறகு எவ்வளவு நேரம் நின்றது. "தினமும் தாங்க முடியாத சத்தம்" என்று எழுதாதீர்கள். "இரவு 10.05 முதல் 11.40 வரை, மூடிய படுக்கையறையில் பாட்டு வரிகள் புரியும் அளவுக்கு" என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தைப் படிக்கும் அதிகாரிக்கு நீங்கள் கோபக்காரர். இரண்டாவதைப் படிக்கும்போது நீங்கள் சாட்சி.

செல்போனில் டெசிபல் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை அளவுகோலிட்டுச் சரிபார்த்த கருவிகள் கிடையாது. எனவே "என் செல்போன் செயலி 78 காட்டியது, அதிகாரப்பூர்வமாக அளக்கக் கோருகிறேன்" என்று எழுதுவதுதான் முறை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். 45 இருக்க வேண்டிய இடத்தில் 75 என்றால் என்ன என்பதை மனுவில் ஒரு வரி விளக்குவது நல்லது, படிக்கும் எல்லாருக்கும் டெசிபல் பழகியிருக்காது.

வீடியோ எடுக்கும்போது முதலில் சுவர்க் கடிகாரம், பிறகு மூடிய ஜன்னல், பிறகு ஒரு நிமிடம் அசையாமல் சத்தம் மட்டும். தெருவில் இறங்கி யார் முகத்தையும் படம் பிடிக்காதீர்கள். அது வேறு சண்டையில் கொண்டுபோய் விடும். எடுத்த போனை மாற்றும்போது மூலப் பதிவை அழித்துவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால், மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று வைக்க வேண்டியிருக்கும். மூலப் பதிவு கையில் இருந்தால் அந்தச் சான்றைக் கொடுப்பது எளிது.

ஐந்தாவது படி: அந்த ராத்திரியிலேயே 100 அல்லது 112

சத்தம் நடக்கும்போதே கூப்பிடுங்கள். மறுநாள் சொன்னால் "இப்ப சத்தம் இல்லையே" என்பதோடு முடிந்துவிடும். ஊர், தெரு, அடையாளம், "10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி" என்ற நான்கு விவரம் போதும். ரோந்து வந்து போனதும் மறுபடி பாட்டுப் போடுவது வழக்கம். போட்டால் மறுபடி கூப்பிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். ஒவ்வோர் அழைப்பும் ஒரு பதிவு. உங்கள் போனில் அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சண்டை, மிரட்டல், பெண்களிடம் தகாத நடத்தை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ஆறாவது படி: எழுத்து மனுவும் சி.எஸ்.ஆரும்

மூன்று நான்கு பதிவுகள் சேர்ந்ததும் காவல் நிலைய ஆய்வாளருக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நான்கு பத்தி: நான் யார், எங்கே இருக்கிறேன், எந்தெந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த விதி மீறப்பட்டது, நீங்கள் என்ன செய்ய வேண்டும். கடைசிப் பத்தியைத்தான் பலர் "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று முடித்துவிடுகிறார்கள். அதில் அலுவலகம் செய்ய வேண்டியது என்று எதுவுமே இல்லை. இப்படிக் கேளுங்கள்:

"(1) மேற்படி இடத்துக்கு மேற்சொன்ன தேதிகளில் ஒலிபெருக்கி அனுமதி வழங்கப்பட்டதா என்று சரிபார்க்கவும். (2) அடுத்த நிகழ்ச்சியின்போது இரவு 10 மணிக்கு மேல் ஒலி அளவை அளந்து பதிவு செய்யவும். (3) மீறல் உறுதியானால் விதி 8-இன்படி எழுத்தில் தடை உத்தரவு பிறப்பிக்க உரிய அதிகாரிக்குப் பரிந்துரைக்கவும். (4) எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும்."

எண்ணிட்டுக் கேட்ட நான்கில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பின்னால் சுட்டிக்காட்டலாம். இரண்டாவது புகாரின் விதை இங்கேதான் இருக்கிறது.

நிலையத்தில் கொடுத்தால் சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு எண் போட்டுத் தரும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "போங்க, பாத்துக்கறோம்" என்றால் அன்றைக்கே அதே மனுவைத் தபாலில், ஒப்புகைச் சீட்டு திரும்பி வரும்படி அனுப்பிவிடுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது தருவார்கள். எங்கே கொடுத்தாலும் ஒரு எண்ணோ ஒரு முத்திரையோ இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஏழாவது படி: கையெழுத்துப் போடக் கூப்பிடும்போது

மேலிடத்தில் கொடுத்த மனுவும், 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிந்த புகாரும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் முதலில் நடவடிக்கை எடுக்காத அதே அலுவலகத்துக்கே விசாரணைக்கு வரும். இதில் மனம் உடைந்து போகிறவர்கள் நிறைய. நானும் உடைந்து போயிருக்கிறேன். ஆனால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒரு நாள் போன் வரும்: "மனு விசாரணைக்கு வாங்க." போனால் ஒரு தாளை நீட்டி, "விசாரிச்சாச்சு, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அந்தத் தாளில் "நடவடிக்கையில் திருப்தி, மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதம்" என்ற பொருளில் ஏதாவது இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு தாள் நீட்டப்பட்டது. அவசரத்தில் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போக வேண்டியிருந்தது. படிக்காமல் போட்டேன். அந்த ஒரு கையெழுத்து என்னை ஏழு மாதம் பின்னுக்குத் தள்ளியது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் "நீங்களே திருப்தின்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்றார்கள்.

ஆகவே ஒவ்வொரு வரியும் படியுங்கள். கண்ணாடி கொண்டுபோங்கள். உங்களுக்கு ஒப்பில்லாத வாசகம் இருந்தால் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. விசாரணைக்கு வந்ததற்கு மட்டும் கையெழுத்து வேண்டுமென்றால், கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட எழுதுங்கள்: "விசாரணைக்கு நேரில் ஆஜரானேன். சத்தம் இன்றுவரை தொடர்கிறது. என் மனுவின் கோரிக்கை 2, 3 நிறைவேறவில்லை." தேதி போட்டு, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். மறுத்தால், வீட்டுக்கு வந்ததும் அதே வாசகத்தை ஒரு கடிதமாக எழுதி அன்றே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

எட்டாவது படி: தகவல் அறியும் உரிமை மனு

மனு கொடுத்து 30 நாள் பொறுங்கள். பதில் இல்லை, அல்லது "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிப் பதில். இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டலாம். இணைய வழியிலும் அனுப்பலாம். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரியிட்டு, எந்த அலுவலகம் உங்கள் மனுவை வைத்திருக்கிறதோ அங்கே அனுப்புங்கள். தவறான அலுவலகம் என்றால் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

"ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்கு ஆவணம் இருக்காது, அதனால் தகவலும் கிடைக்காது. ஆவணங்களைக் கேளுங்கள்: என் மனு எந்தத் தேதியில் யாரிடம் (பதவி) இருந்தது என்ற கோப்புக் குறிப்பின் நகல், மேற்படி மண்டபத்துக்கு இன்னின்ன தேதிகளில் தந்த ஒலிபெருக்கி அனுமதிகளின் நகல், ஒலி அளவிட்ட அறிக்கையின் நகல், மனுவை முடித்த இறுதி அறிக்கையின் நகல். மாநகராட்சி என்றால் தொழில் உரிமத்தின் நகல், கட்டட அனுமதியின் நகல், தெருவிளக்குப் புகார்ப் பதிவேட்டின் நகல்.

"அப்படிப்பட்ட ஆவணம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக வலுவான பதில். அளக்கவேயில்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் சரியில்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

ஒன்பதாவது படி: இரண்டாவது புகார்

இப்போது கையில் இருப்பவை: நோட்டு, அழைப்புப் பட்டியல், முதல் மனு, ரசீது, ஒப்புகைச் சீட்டு, தகவல் உரிமைப் பதில். இதை வைத்து மேலதிகாரிக்கு எழுதுங்கள். ஆய்வாளர் மேல் என்றால் காவல் உதவி ஆணையர், துணை ஆணையர், ஆணையர். ஊர்ப்புறத்தில் டி.எஸ்.பி., கண்காணிப்பாளர். மண்டல அலுவலகத்தின் மேல் என்றால் மாநகராட்சி ஆணையர்.

இந்த மனுவில் சத்தத்தைப் பற்றி மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம். அலுவலகம் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதுதான் பொருள். இந்த மாதிரி:

"என் மனு (சி.எஸ்.ஆர். எண் …, தேதி …) மீது நான்கு நடவடிக்கைகளைக் கோரியிருந்தேன். அதன் பிறகு ஒன்பது இரவுகள் 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி இயங்கியது (இணைப்பு 1). ஏழு முறை கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்தேன் (இணைப்பு 2). ஒலி அளவிடப்படவில்லை என்பதும், இந்த இடத்துக்கு ஒலிபெருக்கி அனுமதி எதுவும் வழங்கப்படவில்லை என்பதும் தகவல் உரிமைப் பதிலால் தெரிகிறது (இணைப்பு 3). அப்படியிருந்தும் மனு முடிக்கப்பட்டுள்ளது. இந்த முடிவை ரத்து செய்து, வேறோர் அதிகாரியைக் கொண்டு மீண்டும் விசாரிக்கவும், அடுத்த நிகழ்ச்சியில் ஒலி அளவிடவும், முடிவை 30 நாளுக்குள் எனக்கு எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறேன்."

"காசு வாங்கிட்டாங்க", "மண்டபக்காரருக்கு வேண்டியவங்க" போன்ற வார்த்தைகளை எழுதாதீர்கள். ஆதாரமில்லாத ஒரு குற்றச்சாட்டு, ஆதாரமுள்ள பத்தையும் கெடுத்துவிடும். நடந்ததை மட்டும் வரிசையாக வையுங்கள். படிக்கிறவருக்கே புரியும்.

நான் இப்படி எழுதிய முதல் மனுவுக்குத்தான், ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, ஓர் அதிகாரி எங்கள் தெருவுக்கு ராத்திரி 10.30-க்கு நேரில் வந்து நின்றார்.

பத்தாவது படி: அதற்கும் மேலே

ஒரே தொல்லை ஊருக்கே பொதுவாக இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரை அணுகலாம். நம் மாவட்டத்தில் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என நான்கு கோட்டங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு (பழைய 133) பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. பட்டறை, மண்டபம், காலி மனை போன்ற நிலையான இடங்களுக்கு இது மிகவும் பொருத்தமான வழி. பலருக்குத் தெரியாததால் யாரும் கேட்பதில்லை.

மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சியின் நிர்வாகச் சீர்கேடு என்றால், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் சென்னையில் இருக்கிறது. தபாலில் அனுப்பலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஆனால் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

உயர் நீதிமன்றம் நமக்கு ஒத்தக்கடை அருகிலேயே இருக்கிறது. 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்ததிலிருந்து சென்னைக்கு பஸ் ஏற வேண்டிய தேவை போய்விட்டது. கோயில் விழா ஆடல் பாடல் அனுமதி, ஒலிபெருக்கி தொடர்பாக எத்தனையோ மனுக்கள் அங்கே வருகின்றன. நீங்கள் கேட்பது, "என் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்ற எளிமையான நிவாரணம். அதற்கு வேண்டிய முதல் ஆவணம் கொடுத்த மனுவும் அது போய்ச் சேர்ந்ததற்கான சீட்டும். உத்தரவு வந்த பிறகும் அலுவலகம் அசையாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனு. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பயம் இருந்தால்

இருக்கத்தான் செய்யும். தெரு முழுக்கத் தெரிந்த முகங்கள். நாளைக்கே நம் வீட்டிலும் ஒரு காதுகுத்து வரும். அதனால் தனியாகக் கையெழுத்துப் போடாமல் ஏழெட்டு வீடு சேர்ந்து போடுங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் பெயரில் கொடுங்கள். கிராமமென்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக வைத்தால் அது யாருடைய தனிப் புகாராகவும் இராது.

நம் பக்கத்தில் ஒலிபெருக்கிப் புகாரைச் சாதிச் சண்டையாகவும் மதச் சண்டையாகவும் திருப்பிவிடுவது மிகச் சுலபம். முளைப்பாரி ஊர்வலமோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, கட்சிக் கூட்டமோ, மனுவில் நேரத்தையும் அளவையும் மட்டும் எழுதுங்கள். யார் சாமி, எந்தத் தெரு ஆட்கள் என்ற பேச்சே வேண்டாம். கையெழுத்துப் போடும் வீடுகளில் எல்லாத் தரப்பும் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் மனுவில் இருந்த எட்டு வீட்டில் ஒன்று அந்த மண்டபத்திலேயே கல்யாணம் முடித்த வீடு. மிரட்டல் ஏதாவது வந்தால், அதைப் பழைய மனுவோடு சேர்க்காமல் புதுப் புகாராக உடனே கொடுங்கள்.

சத்தம் நின்ற பிறகு

நின்றதையும் எழுத்தில் தெரிவியுங்கள். நேரில் வந்த அதிகாரிக்கு ஒரு நன்றிக் கடிதம், அதில் எந்தத் தேதியிலிருந்து சத்தம் இல்லை என்ற விவரம். அதன் நகலும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். மறுபடி ஆரம்பித்தால், அது புதுத் தொல்லை இல்லை, நிறுத்திய பிறகு மீண்டும் நடக்கும் மீறல் என்று காட்ட அந்தக் கடிதம் உதவும். நோட்டை மூடிவிடாதீர்கள். ஆய்வாளர்கள் மாறுவார்கள். புதிதாக வருகிறவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே பகல் நேரமாகப் போய், கோப்பின் ஒரு நகலை அவர் மேஜையில் வைத்து, "சார், அடுத்த முகூர்த்தம் இந்தத் தேதி" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான் இதுவரை மூன்று பேரிடம் போய் வைத்திருக்கிறேன்.